மேளம் முந்திற்று, முடிச்சு பிந்திற்று!

முகூர்த்த நேரம். சாஸ்திரிகள் கையைத் தூக்கி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று குரல் கொடுக்கிறார். நாயனமும் தவிலும் மண்டபத்தையே அதிர வைக்கின்றன. அட்சதை மழை பொழிகிறது. மாம்பலத்தில் இப்படி. நியூ ஜெர்ஸியிலோ, நடுநிசியில் தூக்கத்தைத் துறந்து, பட்டுப் புடவை உடுத்திக்கொண்டு டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருக்கும் அத்தைக்குத் தெரிவது வேறு கல்யாணம்! அங்கே கெட்டிமேளம் முழங்கித் தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளை இன்னும் குனியக்கூட இல்லை. அவர் முடிச்சுப் போடும்போது, "அந்தக் காமிராக்காரரைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்களேன்" என்று யாரோ சொல்லும் குரல்தான் மங்கள வாத்தியமாகக் கேட்கிறது. போதாக்குறைக்கு, சாஸ்திரிகள் ஒரு தடவை சொல்லும் மந்திரம் அத்தையின் காதில் இரண்டு தடவை விழுகிறது. தட்சிணையும் இரண்டு மடங்கு கேட்பாரோ என்று அத்தைக்குச் சந்தேகம்!

2020-ம் வருஷம் கொரோனா ஊரடங்கின்போது, கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. அந்த ஆபத்துக் காலத்தில் கைகொடுத்த 'நேரலை', ஊரடங்கு போன பிறகும் போகவில்லை. வாழைமரம், வீடியோக்காரர் வரிசையில் அதுவும் சேர்ந்துவிட்டது. கல்யாணம், சீமந்தம், நவராத்திரிக் கொலுப் பாட்டு, பெண்ணின் வீணை அரங்கேற்றம் எல்லாமே கடல் தாண்டிப் போகின்றன. விமானம் ஏறி வர முடியாத பிள்ளை, தகப்பனாரின் கடைசிக் காரியத்தைக் கூட இந்தச் சின்னத் திரையில்தான் பார்க்கிறான். அப்படிப்பட்ட வேளையில் ஒலி கெட்டுப் போனால், "இன்னொரு தடவை செய்யுங்கள்" என்று கேட்க முடியுமா?

கூலிக்கு ஆள் வைத்து ஒளிபரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாடு அவர்களுக்கு. வீட்டிலேயே ஒரு லாப்டாப், ஒரு செல்போன், ஒரு மைக் இவற்றை வைத்துக்கொண்டு, ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளையை இஞ்சினீயராக நியமித்து நடத்துகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். 'இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், அம்மணி! ஒலி சரியில்லை என்றால் அத்தை போன் போட்டுக் கேட்பது உங்களைத்தானே?

ஒலி கெட்டதும் பலர் செய்கிற முதல் காரியம், கடைக்குப் போய் விலை உயர்ந்த மைக் ஒன்று வாங்கி வருவது. வீண் செலவு! எதிரொலி இருக்கும் இடத்தில் அந்த மைக், எதிரொலியை இன்னும் தெளிவாகப் பிடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். வியாதி மைக்கில் இல்லை, பாதையில் இருக்கிறது. ஒரே குரல் இரண்டு வழியாகப் போய்ச் சேர்ந்தால் எதிரொலி. குரல் ஒரு வழியும் படம் ஒரு வழியுமாகப் போய், ஒன்று முந்திக்கொண்டால் வாயசைவுப் பிசகு. எந்தப் பாதை என்று கண்டுபிடித்து, ஒன்றை அடைக்க வேண்டும், அல்லது ஒன்றைக் கொஞ்சம் காக்க வைக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் காலணாச் செலவில்லை.

எதிரொலி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே, அதில் பல ஜாதி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு சற்றுக் கவனித்தால் வித்தியாசம் தெரியும்.

குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கம்மென்று இருக்கிறதா? அது அறையின் குற்றம். இந்தக் காலத்து அடுக்குமாடி வீட்டில் தரை பளபளவென்று டைல்ஸ், சுவர் வழவழவென்று பெயிண்ட், ஜன்னல் பூராவும் கண்ணாடி. ஒலி எங்கும் தங்க இடமில்லாமல் பந்துபோல் துள்ளிக்கொண்டே இருக்கிறது. ஜமக்காளத்தை விரியுங்கள். காமிராவில் தெரியாத பக்கத்தில் இரண்டு ரஜாய்களைக் கொடியில் தொங்கவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், மைக்கை வாயருகே கொண்டுவருவது. தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் குரலின் பலம் 6 டெசிபல் கூடுகிறது. சுவரிலிருந்து வருவது மட்டும் இருந்தபடியே இருக்கும். லாப்டாப்பிலேயே உள்ள மைக் நாலடி தள்ளியிருக்கும். சட்டைக் காலரிலோ புடவைத் தலைப்பிலோ குத்திக்கொள்ளும் சின்ன மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்கும். வித்தியாசத்தை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

குரல் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல், இரட்டை நிழலோடு கேட்கிறதா? இரண்டு மைக் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன என்று அர்த்தம். நல்ல மைக்கை மேஜையில் வைத்துவிட்டீர்கள், சரி. ஆனால் வெப் காமிராவுக்குள் ஒரு மைக், லாப்டாப்புக்குள் ஒரு மைக் என்று அழையாத விருந்தாளிகள் இரண்டு பேர் இருப்பதை மறந்துவிட்டீர்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றின் வாயை மூடிவிட்டால் தீர்ந்தது. கல்யாண மண்டபத்தில் மைக்செட்காரரிடமிருந்து நேராக ஒரு கம்பி வாங்கிக்கொண்டால், அங்கேயும் காமிராவின் சொந்த மைக்கை அடைத்துவிட வேண்டும். (ஒரு எச்சரிக்கை: நாயனத்துக்கும் தவிலுக்கும் மைக்செட்காரர் மைக் வைக்கும் வழக்கம் எல்லா இடத்திலும் இல்லை. வைக்காவிட்டால் அந்தக் கம்பியில் மந்திரம் வரும், மேளம் வராது! மேளத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒன்று தேவை.)

மூன்றாவது ஜாதிதான் பலரையும் ஆட்டி வைப்பது. பேசின பேச்சு அப்படியே, பத்து இருபது வினாடி கழித்து, பூதம்போல் திரும்பி வரும். அது முடிந்து மறுபடியும் வரும். என்ன நடந்திருக்கும் தெரியுமா? ஒளிபரப்பு நன்றாகப் போகிறதா என்று பார்க்க, அதே லாப்டாப்பில் இன்னொரு ஜன்னலில் யூட்யூபைத் திறந்து வைத்திருப்பார் உங்கள் இஞ்சினீயர். யூட்யூப் நம் நிகழ்ச்சியை உடனே காட்டுவதில்லை. சில வினாடி முதல் அரை நிமிஷம் வரை தாமதித்துத்தான் காட்டும். அந்தப் பழைய ஒலி லாப்டாப்பிலிருந்து கிளம்பி, மறுபடி ஒளிபரப்புக்குள் நுழைந்து, மறுபடி திரும்பி வருகிறது. செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த ஜன்னலின் ஒலியை அடைத்தால் மாடு நின்றுவிடும். அதே ஹாலில் சித்தப்பா தமது செல்போனில் ஒளிபரப்பைப் பெருமையோடு சத்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். அவரிடம் பக்குவமாகச் சொல்லிப் போனை வாங்கி வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

இதற்கெல்லாம் மூத்த அண்ணன், மண்டபங்களில் திடீரென்று 'கீ...ச்' என்று காதைத் துளைக்கிறதே, அந்தச் சத்தம். ஸ்பீக்கரிலிருந்து வருவதை மைக் பிடித்து, மைக் பிடித்ததை ஸ்பீக்கர் பெருக்கி, அதை மறுபடி மைக் பிடித்து... ஒரே கணத்தில் நூறு சுற்றுச் சுற்றிவிடும். டென்மார்க் தேசத்து விஞ்ஞானி ஸோரன் லார்ஸன் பெயரால் இதை 'லார்ஸன் விளைவு' என்கிறார்கள். மைக் ஸ்பீக்கரின் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும், ஸ்பீக்கர் பாடுகிறவருக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பதே வைத்தியம்.

இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் வீடியோ அழைப்பில் ஒரு விசித்திரம் உண்டு. 'ஹலோ' என்று நீங்கள் சொல்ல, உங்கள் 'ஹலோ'வே உங்களுக்குத் திரும்பி வருகிறது. உடனே நம் மைக்கைக் குடைய ஆரம்பிக்கிறோம். குற்றம் நம்மிடத்தில் இல்லை! எதிர்முனையில் அத்தை ஸ்பீக்கரைப் பெரிதாக வைத்திருக்கிறாள். நம் குரல் அவளுடைய ஸ்பீக்கரிலிருந்து அவளுடைய மைக்குக்குள் புகுந்து வருகிறது. அத்தைக்கு ஒன்றுமே தெரியாது. அவளுக்கு எல்லாம் சுத்தமாகக் கேட்கும். கேட்கிறவர் ஒருவர், குற்றவாளி இன்னொருவர்! அத்தையை ஹெட்போன் மாட்டிக்கொள்ளச் சொன்னால் சரியாகிவிடும். நாலைந்து வீடு சேர்ந்த அழைப்பானால், ஒவ்வொருவராக மைக்கை மூடச் சொல்லிப் பாருங்கள்; எந்த வீடு மூடும்போது எதிரொலி நிற்கிறதோ, அந்த வீட்டில்தான் வியாதி.

தன் குரலே தாமதித்துக் காதில் விழுந்தால் மனுஷனுக்கு என்ன ஆகும் என்பதை 1950-லேயே பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர் ஆராய்ந்து எழுதினார். ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் போதும். சரளமாகப் பேசுகிறவருக்கும் நாக்குக் குழறுகிறது, திக்கு வாய் வந்தவர்போல் தடுமாறுகிறார். ஆகையால், இன்டர்நெட் பாட்டுக் கிளாஸில் எட்டு வயதுப் பெண் ஸரளி வரிசையில் தடுமாறினால், சாதகம் பண்ணவில்லை என்று கோபித்துக்கொள்வதற்கு முன் எதிரொலி வருகிறதா என்று ஒரு தடவை விசாரியுங்கள்.

எதிரொலி டெலிபோன்காரர்களையும் வெகுநாள் வாட்டியிருக்கிறது. 1965-ல் வர்த்தக ரீதியான முதல் செயற்கைச் சந்திரன் வானத்துக்குப் போனபோது விஷயம் முற்றிற்று. அது இருந்தது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். பேச்சு அங்கே ஏறி இறங்கி, எதிரொலியாக மறுபடி ஏறி இறங்கி வர அரை வினாடி பிடிக்கும். பேசுகிறவர் பாடு திண்டாட்டம்தான். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ஜான் கெல்லி என்பவர் ஒரு வழி யோசித்தார். அங்கேயே வேலை பார்த்த, இந்தியாவில் பிறந்த மன் மோகன் ஸோந்தி, 1967-ல் அதை விளக்கிக் கட்டுரை எழுதினார். எதிராளியிடமிருந்து வந்த குரல் இன்னதென்று கருவிக்குத் தெரியும். அது எதிரொலியாக எப்படித் திரும்பும் என்று கருவியே ஊகித்து, திரும்புவதிலிருந்து அதைக் கழித்துவிடும். ஊகம் பிசகினால் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். நம் செல்போன்களிலும் ஸூம், வாட்ஸ்அப் அழைப்புகளிலும் இன்று ஓசைப்படாமல் வேலை செய்வது இந்தக் கழித்தல் கணக்கின் பேரப் பிள்ளைகள்தான்.

பேரப் பிள்ளைகள் சமர்த்துதான். ஆனால் சங்கீத ஞானம் கிடையாது! எதிரொலியைக் கழிப்பதோடு இரைச்சலையும் நீக்குகிறேன் என்று கிளம்புகிறார்கள். இடைவிடாமல் ஒரே சீராகக் கேட்கும் ஒலி எதுவானாலும் மின்விசிறிச் சத்தம் என்று அவர்களுக்கு நினைப்பு. தம்புராவும் சுருதிப் பெட்டியும் இடைவிடாமல் ஒரே சீராகத்தானே ஒலிக்கும்? இரைச்சலோடு சுருதியையும் சேர்த்து வாரிக் கொட்டிவிடுகிறார்கள். பாட்டு வாத்தியாரம்மா சுருதியோடு பாடுகிறார். சிஷ்யைக்குச் சுருதியே கேட்பதில்லை. ஸூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பாட்டுக்காரர்கள் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். அப்போது எதிரொலிக் காவல்காரரும் விலகிக்கொள்ளக் கூடும். எனவே இரு பக்கமும் ஹெட்போன் கட்டாயம்.

இனி, முந்தின மேளத்துக்கு வருவோம்.

மைக்கிலிருந்து ஒலி கம்ப்யூட்டருக்குக் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடுகிறது. படத்துக்குச் சுமை அதிகம். காமிரா அதைப் பிடித்து, சுருக்கி, கம்பி வழியே அனுப்பி, கம்ப்யூட்டர் அதைப் பிரித்துப் பார்ப்பதற்குள் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கோ, கால் பங்கோ போய்விடும். ஆகவே வீட்டு ஒளிபரப்பில் சாதாரணமாக முந்துவது ஒலிதான்.

முந்துவதுதான் நமக்குப் பொறுக்காது. பிந்தினால் அவ்வளவு தெரிவதில்லை. மின்னல் முதலில், இடி பிறகு. ஆற்றங்கரையில் துணி ஓங்கி அடிப்பது முதலில், 'தொப்'பென்ற சத்தம் பிறகு. ஒலி ஒரு வினாடிக்கு 340 மீட்டர்தான் ஓடும் என்பதால், பிந்திவரும் சத்தம் பிறந்தது முதல் நமக்குப் பழக்கம். முந்திவரும் சத்தத்தை இயற்கையில் யார் கண்டார்கள்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் வெளியிட்ட கணக்கு இதைத்தான் சொல்கிறது: ஒலி 45 மில்லி செகண்டு முந்தினாலே ஜனங்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள், பிந்தினால் 125 வரை கவனிப்பதில்லை. (ஒரு வினாடிக்கு 1,000 மில்லி செகண்டு.)

'கால் வினாடிக்கா இவ்வளவு அமர்க்களம்?' என்று கேட்கலாம். காது மந்தமான பாட்டியைக் கேளுங்கள். பாட்டி பாதியைக் காதால் கேட்கிறாள், மீதியை வாயசைவிலிருந்து ஊகித்துக்கொள்கிறாள். உண்மையில் நாம் எல்லோருமே அப்படித்தான். 1976-ல் மெக்கர்க், மக்டொனால்ட் என்ற இருவர் செய்த சோதனையில், 'பா' என்ற ஒலியை 'கா' என்ற வாயசைவோடு சேர்த்துக் காட்டினார்கள். பார்த்தவர்கள் பலருக்குக் கேட்டது இரண்டும் இல்லை, 'டா'! காது நன்றாக உள்ளவர்களுக்கே இந்தக் கதி என்றால், வாயசைவை நம்பி இருக்கும் பாட்டிக்கு உதடு ஒன்றும் குரல் ஒன்றுமாக இருந்தால் என்ன புரியும்? பேத்தி ஆசையோடு சொன்னதற்கு, "ம்... ம்..." என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள்.

இதற்கு வைத்தியம் கோடம்பாக்கத்தில் இருக்கிறது. சினிமாக்காரர்கள் படம் பிடிக்கத் தொடங்கும்போது ஒரு பலகையை 'டக்'கென்று தட்டுகிறார்களே, ஏன்? படத்தையும் ஒலியையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறார்கள். பலகையின் இரண்டு பாகமும் முட்டும் படத்தையும் 'டக்' என்ற ஒலியையும் சேர்த்துவிட்டால், மற்றதெல்லாம் தானாகச் சேர்ந்துவிடும்.

நமக்குப் பலகை வேண்டாம், இரண்டு கை போதும். காமிராவுக்கு நேரே, மைக்குக்கும் பக்கத்தில் நின்று, ஐந்தாறு தடவை இடைவெளி விட்டுக் கை தட்டுங்கள். வீட்டு ஒளிபரப்புக்குப் பலர் உபயோகிப்பது ஓ.பி.எஸ். என்ற இலவசச் சாதனம். அதில் ஒளிபரப்பாமல் பதிவு மட்டும் செய்துகொள்ள முடியும். அந்தப் பதிவை வி.எல்.ஸி. என்ற இன்னொரு இலவசச் சாதனத்தில் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரானால், 'கே' எழுத்தை ஒரு தடவை அழுத்தினால் ஒலி 50 மில்லி செகண்டு பின்னால் போகும். 'ஜே' எழுத்து முன்னால் இழுக்கும். கை முட்டுவதும் சத்தமும் ஒன்றாகும்வரை அழுத்துங்கள். திரையிலேயே கணக்குத் தெரியும். 'கே'யை நாலு தடவை அழுத்த வேண்டியிருந்தால் 200. ஓ.பி.எஸ்.ஸில் 'அட்வான்ஸ்டு ஆடியோ பிராப்பர்ட்டீஸ்' என்ற இடத்தில், மைக்குக்கு நேரே 'ஸிங்க் ஆஃப்செட்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 200 என்று போடுங்கள். அவசரக் குடுக்கையான மைக், படம் வந்து சேரும்வரை வாசலில் காத்திருந்து, அதோடு கை கோத்துக்கொண்டு உள்ளே வரும். மறுபடி கை தட்டிப் பதிவு செய்து, சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காமிராவையோ கம்பியையோ மாற்றினால் இந்தக் கணக்கும் மாறும்.

இந்தச் சோதனையைக் கம்பி உள்ள ஹெட்போனில் செய்யுங்கள். காதில் சொருகிக்கொள்ளும் புளூடூத் கருவிகள், தாமே ஒலியைப் பத்தில் ஒரு பங்கு வினாடியோ அதற்கு மேலோ தாமதித்துக் கொடுப்பவை. கோணல் அளவுகோலால் மேஜையை அளந்த கதையாகிவிடும்.

ஆரம்பத்தில் எல்லாம் சரியாக இருந்து, ஊஞ்சல் முடிந்து முகூர்த்தம் வருவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகுகிறதா? அது வேறு வியாதி. 'ஆஃப்செட்' போட்டுத் தீராது. கூடத்துக் கடிகாரமும் சமையலறைக் கடிகாரமும் ஒன்றாக ஓடுவதில்லையே, அதேபோல் மைக்குக்குள் ஒரு கடிகாரம், காமிராவுக்குள் ஒரு கடிகாரம். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் 180 மில்லி செகண்டு விலகிவிடும். ஒலியை ஒரு வினாடிக்கு எத்தனை தடவை அளப்பது என்பதில் 44,100 என்றும் 48,000 என்றும் இரண்டு வழக்கம் இருப்பது இன்னொரு தொல்லை. விண்டோஸின் ஒலி ஏற்பாட்டிலும் ஓ.பி.எஸ்.ஸிலும் 48,000 என்றே போட்டுவிடுங்கள். ஒன்றை மற்றொன்றாகத் தவறாக எடுத்துக்கொண்டால், நேரம் பிசகுவதோடு சுருதியும் சுமார் முக்கால் கட்டை ஏறிவிடும், அல்லது இறங்கிவிடும். பாடகி யாரென்று அவள் அம்மாவுக்கே சந்தேகம் வரும். முடிந்தால் மைக்கைக் காமிராவுக்குள்ளேயே சொருகிவிடுவது உத்தமம். இரண்டும் ஒரே கம்பியில், ஒரே கடிகாரத்தின்படி வரும். முடியாவிட்டால், ஊஞ்சலுக்கும் முகூர்த்தத்துக்கும் இடையே கிடைக்கும் ஓய்வில் காமிராவை ஓ.பி.எஸ்.ஸில் ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். பெரும்பாலும் கடிகாரங்கள் மறுபடி கை குலுக்கிக்கொள்ளும். லாப்டாப் சக்திக்கு மேல் வேலை வாங்கினாலும் படம் தடுமாறும். பெரிய படமாக அனுப்பித் திணறுவதைவிட, 720 என்ற அளவில் நிதானமாக அனுப்புவது மேல். அத்தைக்கு ஜரிகையின் அகலம் அதிலேயே தெரியும்.

ஒத்திகையை முகூர்த்தத்தன்று காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். யூட்யூபில் முதல் தடவையாக நேரலை வசதியைத் திறக்கவே 24 மணி நேரம் வரை ஆகலாம். இரண்டு நாள் முன்னதாக, ஊருக்குத் தெரியாமல் 'அன்லிஸ்டட்' என்ற முறையில் பத்து நிமிஷம் ஒளிபரப்புங்கள். பார்ப்பதற்கு வேறு வீட்டில் ஒருவர் வேண்டும். அதே ஹாலில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு நேர்ப் பேச்சும் சேர்ந்து கேட்கும், அவர் சாட்சி செல்லாது. "நன்றாக இருக்கிறதா?" என்று அவரைக் கேட்காதீர்கள், பிரமாதம் என்று சொல்லிவிடுவார். "நான் எத்தனை தடவை கை தட்டினேன்? கை சேரும்போதே சத்தம் கேட்டதா, முன்னாலா, பின்னாலா?" என்று கேளுங்கள். பிறகு, பிள்ளை 'ஆஃப்செட்' கட்டத்தில் போட்ட எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, லாப்டாப் மூடியில் ஒட்டிவிடுங்கள். முகூர்த்த அவசரத்தில் அந்த எண் யாருக்கும் ஞாபகம் வராது.